தீயும் கள்வரும் ஈரமும்: வீட்டுத் துப்பாக்கிப் பெட்டகம் குறித்த ஓர் ஆராய்ச்சி

வினாவின் எல்லை

உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்றைத் தம் இல்லத்தில் வைத்திருப்பவர் அதனை எத்தகைய பெட்டகத்தினுள் வைத்தல் வேண்டும், அப்பெட்டகம் நெருப்பையும் தாங்குவதாய் இருத்தல் அவசியமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குங்கால், கடையில் விலை விசாரித்த அளவில் தீர்ந்துவிடும் சிறு வினாவாகத் தோன்றக்கூடும். ஆயினும், இதன் அடியில் இருப்பது மிகப் பழைய பிரச்சினையாகும். ஒரு குடும்பம் தன் அரும்பொருளைக் கள்வரிடமிருந்தும், தீயிடமிருந்தும், மெல்ல மெல்ல அரிக்கும் ஈரத்திடமிருந்தும் ஒருங்கே காப்பது எங்ஙனம் என்பதே அது. பொன்னுக்கும் பத்திரத்துக்கும் ஓலைக்கும் படைக்கலத்துக்கும் இவ்வினா பொதுவானது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் உடையோர் மிகச் சிலரே. மலையடிவாரத்து விளைநிலங்களில் காட்டுப்பன்றிக்கு அஞ்சி உரிமம் பெற்ற விவசாயிகள், ரப்பர் எஸ்டேட்டுகளைச் சார்ந்தோர், படையிலிருந்து ஓய்வு பெற்றுத் தம் சொந்தத் துப்பாக்கியுடன் வங்கிக் காவலுக்குச் செல்லும் முன்னாள் வீரர்கள் ஆகியோரை இங்குக் கருதலாம். தொகையால் சிறிதாயினும், பொறுப்பால் இது பெரிய கூட்டம். ஏனெனில், நகை களவு போனால் நஷ்டம் உடையவரோடு நின்றுவிடும். துப்பாக்கி களவு போனாலோ, அல்லது வீட்டுச் சிறுவர் கைக்கோ மனம் உடைந்த ஒருவர் கைக்கோ கிட்டிவிட்டாலோ, விளையும் தீங்குக்கு எல்லை கூற இயலாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இப்பொறுப்பை உரிமதாரர் மீதே சுமத்துகின்றன. துப்பாக்கி காணாமற்போனால் தாமதமின்றிக் காவல் நிலையத்தில் தெரிவித்தல் அவரது கடமை.

இவ்வினாவுக்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளை நிலவறை, மரப்பெட்டி, இரும்புப் பெட்டி, பிறர்பால் ஒப்படைத்தல், தீத்தாங்கு பெட்டகம் என ஐந்தாக வகுக்கலாம். ஒவ்வொரு விடையும் ஒரு பகையை முன்னிறுத்தி எழுந்தது என்பதும், அப்பகையை அடக்கும் முயற்சியில் மற்றொரு பகைக்குச் சிறிதேனும் இடம் கொடுத்தது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

முதல் விடை: நிலவறை

நூல்வழிக் கிடைக்கும் பழைய விடைகளுள் மிகத் தெளிவானது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் உள்ளது. நீரும் ஈரக்கசிவும் அற்ற இடத்தில் சதுரமான குழி தோண்டி, அதன் பக்கங்களையும் அடித்தளத்தையும் பெருங்கற்களால் அமைத்து, உள்ளே உறுதியான மரத்தால் அறை இயற்றி, ஒரே வாயில் வைத்து நிலவறை கட்டுமாறு அந்நூல் கோச அதிகாரிக்கு விதிக்கிறது. கள்வரைத் தடுக்க ஒற்றை வாயிலையும் தீயைத் தடுக்கக் கல்லையும் மண்ணையும் நாடிய அவ்வாசிரியர், ஈரமற்ற இடத்தைத் தேர்வதை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கூறியிருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. ஆயுதசாலையைப் பற்றிய அத்தியாயத்திலும், படைக்கலங்களை அடிக்கடி இடம் மாற்றி வெயிலிலும் காற்றிலும் வைக்க வேண்டும் என்றும், வெப்பத்தாலும் ஈரத்தாலும் புழுவாலும் கெடுவனவற்றை வேறு விதமாக வைக்க வேண்டும் என்றும் அவர் பணிக்கிறார். ஆயுதத்தைப் பூட்டி வைப்பதோடு கடமை முடிவதில்லை, அடிக்கடி எடுத்துப் பேணுதலும் காவலின் ஒரு பகுதியே என்னும் இக்கொள்கை, பின்வந்த விடைகள் பலவற்றில் மறக்கப்பட்டது.

நிலவறை என்னும் விடையின் வலிமைக்கு நம் கண்முன் உள்ள பெரிய சான்று, திருவிதாங்கூர் அரசின் குலதெய்வமாகிய பத்மநாப சுவாமியின் திருவனந்தபுரம் ஆலயம். உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2011-ஆம் ஆண்டில் அதன் நிலவறைகள் சில திறக்கப்பட்டபோது, பல தலைமுறைகளாகச் சேர்ந்த செல்வம் அங்கே இருந்தது உலகறிந்த செய்தி. ஆயினும் அச்சான்றைத் துப்பாக்கிக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. பொன் துருப்பிடிப்பதில்லை. இரும்பும் மரமும் சேர்ந்த ஒரு பொருள் அத்தகைய நிலவறையில் அத்தனை காலம் கிடந்திருப்பின் என்னவாகியிருக்கும் என்பதைப் பொன்னின் பிழைப்பு நமக்குச் சொல்லாது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் பெய்து, கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளையும் கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டின் வயலோர ஊர்களில், நிலத்தடி நீர் உயர்ந்து நிற்குங்கால், நிலவறை ஈரத்தின் உறைவிடமாகிவிடும் என்று அஞ்சக் காரணம் உண்டு.

இரண்டாம் விடை: மரம்

நிலத்தினடியில் ஈரம் மிகுந்த நாட்டில் மக்கள் மரத்தை நாடியது இயல்பே. தேக்கும் அயினியும் பலாவும் தாராளமாய்க் கிடைத்த இப்பகுதியில் நெல்லுக்குப் பத்தாயமும், பணத்துக்கும் பத்திரத்துக்கும் கனத்த மரப்பெட்டியும் வழங்கின. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராய் விளங்கிய பத்மநாபபுரத்து அரண்மனையே பெரும்பாலும் மரத்தால் ஆயது. அங்குள்ள உப்பரிகை மாளிகையின் கீழ்த்தளத்தில் கருவூலமும், அதன் மேல் அரசர்க்குரிய தளங்களும், உச்சியில் பத்மநாபருக்கு அர்ப்பணித்த அறையும் அமைந்திருப்பது, கருவூலத்துக்கு அரசரே மேற்காவலராய் இருந்தார் என்னும் கருத்தை உணர்த்துகிறது. கள்வரை எண்ணி வகுத்த அமைப்பு அது. தீயை எண்ணி வகுத்ததாகக் கூற இயலவில்லை. மரக்கூரையின் ஆபத்து இன்றும் நீங்கிவிடவில்லை என்பதை 2021 ஜூன் மாதத்தில் மண்டைக்காடு பகவதி அம்மன் ஆலயத்தின் கருவறைக் கூரை எரிந்த நிகழ்ச்சி இம்மாவட்டத்து மக்களுக்கு வேதனையோடு நினைவூட்டியது.

எனினும், மரம் எளிதில் எரிந்தொழியும் என்னும் பொது அபிப்பிராயம் முழு உண்மையன்று. கனத்த பலகை எரியுங்கால் அதன் மேற்புறம் கரியாகி, அக்கரியே உள்மரத்துக்கு வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகிறது. நிமிடத்துக்கு அரை முதல் முக்கால் மில்லிமீட்டர் வரையே கரியேறும் என்று பொறியியலார் கணக்கிடுவர். ஆதலின் ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள நல்ல பலகை ஒரு மணி நேரத்துக்கு மேலாகவும் தாங்கக்கூடும். மெல்லிய இரும்புத் தகடோ சில நிமிடங்களிலேயே வெப்பம் முழுவதையும் உள்ளே கடத்திவிடும். தீயைப் பொறுத்தவரை பழைய மரப்பெட்டி இன்றைய தகட்டு பீரோவினும் தாழ்ந்தது என்று கருதுதல் பிழை.

மரத்துக்கும் ஓலைக்கும் சார்பாகப் பேசுவோர், பிழைத்து வந்த ஏடுகளைச் சான்று காட்டுவர். பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில்தான் தி. கணபதி சாஸ்திரியார் 1909-ஆம் ஆண்டளவில் பாசரின் நாடகங்கள் என்று பின்னர் அவர் வெளியிட்ட ஏடுகளைக் கண்டெடுத்தார். அழகியபாண்டியபுரத்துப் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்தின் ஓலைகள், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ஆராய்ச்சிக்கும், பின்னர் அ.கா. பெருமாளின் பதிப்புக்கும் மூலமாய் அமைந்து, நாஞ்சில் நாட்டுச் சரித்திரத்துக்கே ஆதாரமாயின. இவை பெருமைக்குரிய சான்றுகளே. ஆனால், பிழைத்த ஏடு பேசும், எரிந்த ஏடு பேசாது. எத்தனை வீடுகளின் சுவடிகள் தீக்கும் செல்லுக்கும் இரையாயின என்ற கணக்கு நம்மிடம் இல்லாதபோது, பிழைத்தவற்றை மட்டும் கொண்டு முறையின் சிறப்பை அளத்தல் தர்க்கமாகாது. மேலும், ஈரமும் பூச்சியும் அண்டாதிருக்கும் பொருட்டு ஏடுகளை அடுப்புப் புகை படும் பரணில் வைக்கும் வழக்கமும் பழங்காலத்தில் இருந்தது. ஒரு பகைக்கு அஞ்சி மற்றொரு பகையின் மடியில் பொருளை வைப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

மூன்றாம் விடை: இரும்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புப் பெட்டி பெருகியபோது, கள்வரை வெல்லும் சாதனமாகவே அது வரவேற்கப்பட்டது. தீயில் அது அடுப்பாகிவிடும் என்னும் அனுபவம் விரைவில் வந்தது. இங்கிலாந்தில் தாமஸ் மில்னர் என்பவர் 1840-ஆம் ஆண்டில், இரு சுவர்களுக்கிடையே நீரைத் தன்னுள் அடக்கிய உப்புப் பொருள்களை நிரப்பி, வெப்பம் ஏறுங்கால் அந்நீர் ஆவியாகி உட்புறத்தைக் குளிர வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய தீத்தாங்கு பெட்டகங்கள் பெரும்பாலும் சாராம்சத்தில் இத்தத்துவத்தின் வழிவந்தவையே. இந்தியாவில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இல் பூட்டுத் தொழிலைத் தொடங்கி, 1902-இல் இரும்புப் பெட்டி செய்யலானார். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து எழுந்த பெருந்தீயில் அவரது நிறுவனத்துப் பெட்டிகள் உள்ளடக்கத்தைக் காத்தன என்ற செய்தி அந்நிறுவனத்தின் புகழைப் பரப்பிற்று.

ஆனால் இப்புகழ் ஒரு குழப்பத்துக்கும் இடந்தந்தது. கனத்த சுவருக்குள் தீத்தடுப்புப் பொருள் நிரப்பிய பெட்டகமும், நம் இல்லங்களில் துணியும் நகையும் பத்திரமும் ஒருங்கே வைக்கும் தகட்டு பீரோவும் இரும்பாலாயவை என்பதனால் மட்டுமே ஒன்றாகிவிடா. பீரோவின் தகடு மெல்லியது. அதனுள் இருக்கும் லாக்கரும் அத்தகையதே. நெம்புகோல் கொண்டு வரும் கள்வருக்கும் சரி, சாதாரண அறைத்தீக்கும் சரி, அது நெடுநேரம் ஈடு கொடுக்காது. நீண்ட துப்பாக்கியைச் சேலைகளுக்குப் பின்னே சாய்த்து வைத்துப் பூட்டும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அது இவ்விடைகளுள் மிகப் பலவீனமானது என்று தயக்கமின்றிக் கூறலாம்.

நான்காம் விடை: பிறர்பால் ஒப்படைத்தல்

வீடு பாதுகாப்பற்றது என்று கருதுவோர் பொருளை வீட்டுக்கு வெளியே வைக்க விழைவர். நகைக்கும் பத்திரத்துக்கும் வங்கி லாக்கர் இவ்வகையினது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த விதிகளின்படி, வங்கியின் கவனக்குறைவால் தீயோ களவோ நேர்ந்தால் அதன் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு என்னும் எல்லைக்கு உட்பட்டது. உயர்ந்த மதிப்புள்ள நகைக்கு இது போதிய ஈடு ஆகாது என்பது வெளிப்படை. துப்பாக்கியைப் பொறுத்தவரை இவ்வழியே அடைபட்டுள்ளது. லாக்கர் ஒப்பந்தங்கள் படைக்கலத்தையும் வெடிபொருளையும் விலக்குகின்றன.

துப்பாக்கிக்குரிய ஒப்படைப்பு வேறு வகையினது. தேர்தல் அறிவிக்கப்படுங்கால் உரிமதாரர்கள் தம் ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது நாம் நன்கறிந்த நடைமுறை. உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் பாதுகாப்பாக வைக்கவும் வழியுண்டு. வெளிநாட்டு வேலையை நாடி வீட்டைப் பூட்டிச் செல்லும் குடும்பங்கள் பல உள்ள இம்மாவட்டத்தில், நெடுநாள் ஆளில்லாத வீட்டில் துப்பாக்கியை விட்டுச் செல்லுதலினும் இவ்வொப்படைப்பு மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயின், அங்கும் எண்ணெயிட்டுப் பேணும் கை உடையவரின் கையன்று. மேலும், பயிரைக் காக்கவோ பணிக்குச் செல்லவோ அன்றாடம் துப்பாக்கி தேவைப்படுவோருக்கு இது விடையே ஆகாது.

ஐந்தாம் விடை: தீத்தாங்கு துப்பாக்கிப் பெட்டகம்

இனி, இன்றைய சந்தை முன்வைக்கும் விடைக்கு வருவோம். கனத்த எஃகுக் கூட்டினுள் ஜிப்சம் அட்டையோ சிமெண்டுக் கலவையோ பொருத்தி, கதவின் ஓரங்களில் வெப்பத்தில் விரிந்து இடைவெளியை அடைக்கும் பட்டை ஒட்டி, துப்பாக்கி நிற்கும் உயரத்தில் செய்யப்படும் பெட்டகம் இது. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரே. நூறு டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறும்போது அந்நீர் பிரிந்து ஆவியாவதில் வெப்பம் செலவாகி, உள்ளறை சிறிது நேரம் தப்புகிறது. மில்னரின் தத்துவம் இங்கு மீண்டும் உருப்பெற்றிருப்பதைக் காணலாம்.

இவ்விடையின் வலிமை அதன் சோதனைத் தரத்தைப் பொறுத்தது. சங்கடமும் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்க யு.எல். 72 என்னும் தரத்தில், காகிதத்துக்குரிய பெட்டகம் குறித்த நேரம் வரை உள்வெப்பம் 177 டிகிரி செல்சியசைத் தாண்டாதிருத்தல் வேண்டும். சோதனை உலையின் வெப்பமோ ஐந்து நிமிடத்தில் 538 டிகிரியையும், அரை மணியில் 843 டிகிரியையும், ஒரு மணியில் 927 டிகிரியையும் எட்டும். அத்தரத்தில், எரியும் கட்டடத்திலிருந்து கீழே விழுவதை ஒத்த சோதனையாக ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து பெட்டியை வீழ்த்தும் பகுதியும் உண்டு. 2017 மே 31 அன்று சென்னைத் தியாகராய நகரில் தீப்பற்றிய வணிகக் கட்டடம் ஒரு நாளுக்கு மேலாக எரிந்து இடிந்து விழுந்ததை நினைப்போருக்கு, இச்சோதனையின் பொருள் விளங்கும். இந்தியாவில் களவுக்கு எதிரான பெட்டகத்துக்கு ஐ.எஸ். 550 என்றும், தீத்தாங்கும் ஆவண அலமாரிக்கு ஐ.எஸ். 14203 என்றும் தனித்தனித் தரங்கள் வழங்குவதே, இரண்டும் வேறு வேறு குணங்கள் என்பதற்குச் சான்று.

அமெரிக்கச் சந்தையில் துப்பாக்கிப் பெட்டகம் என விற்கப்படுவன பலவும் வீட்டுப் பாதுகாப்புப் பெட்டி என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. கைக்கருவி கொண்டு ஐந்து நிமிட நேரம் தாக்கினும் திறவாதிருப்பதே அவ்வகுப்பின் அளவுகோல். அவற்றின் தீத்தாங்கு அளவோ, உற்பத்தியாளர்தோறும் வேறுபடும் சோதனையால் கூறப்படுகிறது. சிலர் 649 டிகிரி உலையில் அரை மணி நேரம் என்று சொல்லி அமைவர். ஆகவே, “ஒரு மணி நேரம் தீத்தாங்கும்” என்ற அறிவிப்பைக் காணும் வாசகர், எந்தத் தரத்தின்படி, எத்தனை டிகிரி உலையில், உள்வெப்பம் எவ்வளவு உயரும் வரை என்னும் மூன்றையும் கேட்டறியாமல் அதனை ஏற்றல் தகாது.

இன்னும் ஆழமான ஓர் ஐயமும் உண்டு. இத்தரங்கள் காகிதத்தையும் காந்தப் பதிவையும் மனத்திற்கொண்டு எழுந்தவை. துப்பாக்கியின் எஃகுக் குழலுக்கு 177 டிகிரி ஒரு பொருட்டன்று. ஆனால் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றில் இரு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டி ஈயப்பற்றால் ஒட்டப்பட்டது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகக்கூடும். தோட்டாவினுள் இருக்கும் புகையற்ற மருந்தின் நைட்ரோசெல்லுலோஸ் ஏறத்தாழ 170 டிகிரியில் தானாகவே பற்றும். காகிதத்துக்குப் பாதுகாப்பான வெப்பம் தோட்டாவுக்குப் பாதுகாப்பானது அன்று என்பது இதனால் பெறப்படும். குழலினுள் அடைபடாத தோட்டா தீயில் வெடிப்பின் அதன் வேகம் குறைவே. குழலில் இட்ட தோட்டாவோ உண்மையாகவே சுடும். தீயணைக்க வருவோர் உயிருக்கு அது ஆபத்து. துப்பாக்கியைத் தோட்டா நீக்கி வைத்தலும், தோட்டாவைத் தனியே வேறு பூட்டில் வைத்தலும், எப்பெட்டகத்தின் சுவரைவிடவும் முதன்மையான தீப்பாதுகாப்பு என்று கூறுவது மிகையாகாது.

அன்றாடப் பகை: ஈரம்

மேற்கூறிய விவாதங்களில் பெரிதும் கவனிக்கப்படாதது ஈரமே. தீ ஒரு வீட்டுக்குத் தலைமுறையில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். கன்னியாகுமரியிலிருந்து குளச்சல் வரையும் அதற்கப்பாலும் உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களிலும், மழை மிகுந்த கீரிப்பாறை, குலசேகரம் போன்ற மலையோரப் பகுதிகளிலும், ஈரம் நாள்தோறும் வருகிறது. தீத்தாங்கு பெட்டகத்தின் நிரப்புப்பொருள் தன்னுள் நீரைத் தாங்கியிருப்பதும், அதன் கதவு காற்றுப் புகாமல் இறுக மூடுவதும், உள்ளே புழுக்கத்தை வளர்க்கும். காகிதம் பூஞ்சை பிடிப்பதும் எஃகு துருவேறுவதும் இதன் விளைவுகள். தீ வந்த வேளையிலும் உள்ளே பரவும் நீராவி துப்பாக்கியைத் துருவுக்கு இரையாக்கக்கூடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது காயவைத்து மாற்றுதல், மின்வசதி இருப்பின் உட்புறத்தை இளஞ்சூடாக வைக்கும் சிறு கம்பியைப் பொருத்துதல், ஈரம் உறிஞ்சும் தோலுறையில் துப்பாக்கியை நெடுநாள் வைக்காமை, குறித்த கால இடைவெளியில் எடுத்துத் துடைத்து எண்ணெயிடுதல் ஆகியவை இதற்கு மாற்று. ஆயுதங்களுக்கு வெயிலும் காற்றும் காட்டுமாறு அர்த்தசாஸ்திரம் விதித்ததன் நியாயம் இங்கு நன்கு புலனாகிறது.

நம் கட்டடமும் அயல்நாட்டுக் கட்டடமும்

அமெரிக்க நூல்களையும் விளம்பரங்களையும் பின்பற்றி முடிவு செய்வோர் ஒரு வேறுபாட்டை மறத்தல் கூடாது. அங்குள்ள இல்லங்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை; வீடு முழுவதுமே எரிந்து பெட்டகத்தின் மேல் விழும் சாத்தியம் அங்கு அதிகம். நாஞ்சில் நாட்டில் இன்று எழும் வீடுகள் செங்கல்லும் காங்கிரீட்டும் கொண்டவை. மின்கசிவாலோ எரிவாயு உருளையாலோ எழும் தீ, பல வேளைகளில் ஓரிரு அறைகளோடு அடங்கிவிடுகிறது. ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் தானே பல மணி நேரம் தீயைத் தாங்க வல்லது. அதனுள் பதித்த சிறு அறையும், கனத்த இரும்புக் கதவும், சமையலறைக்கு அப்பால் கீழ்த்தளத்தில் அமைந்த இடமும், விலையுயர்ந்த பெட்டகத்தின் பணியில் ஒரு பகுதியைக் குறைந்த செலவில் செய்யக்கூடும். ஆயினும், மழைநீர் ஊறும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரைத் தேர்வது அவசியம். ஓட்டு வீட்டிலும், மரப்பரண் உள்ள பழைய வீட்டிலும், தீயணைப்பு வண்டி வந்து சேர நேரமாகும் எஸ்டேட்டு வீட்டிலும் இந்நியாயம் முழுதாய்ப் பொருந்தாது. அங்குத் தீத்தாங்கு பெட்டகத்தின் தேவை கூடும்.

மதிப்பீடு

இவ்வைந்து விடைகளையும் சீர்தூக்கிப் பார்க்குங்கால், மூன்று பகைகளையும் ஒருங்கே வெல்லும் ஒற்றைப் பெட்டி எதுவும் இல்லை என்றே தோன்றுகிறது. எனவே, பெட்டகத்தைத் தேர்வதற்கு முன் பகைகளின் வரிசையைத் தேர்தல் வேண்டும். துப்பாக்கிக்கு முதற்பகை உரிமையற்ற கை. அது கள்வரின் கையாயினும், வீட்டுக்குள்ளேயே உள்ள ஒரு கையாயினும் ஆகலாம். ஆதலின் கனத்த எஃகும், தரையோடும் சுவரோடும் போல்ட்டு போட்டுப் பிணித்தலும், சாவி உரிமதாரரிடம் மட்டும் இருத்தலும் முதற்கண் வேண்டற்பாலன. இரண்டாவது பகை ஈரம், மூன்றாவதே தீ. பத்திரத்துக்கோ இவ்வரிசை மாறும். அதற்குத் தீயே முதற்பகை. ஆகவே, துப்பாக்கியையும் பத்திரத்தையும் ஒரே பெட்டகத்தில் வைத்து இரண்டையும் காக்க முயல்வதினும், துப்பாக்கிக்கு உறுதியான பெட்டகமும், பத்திரத்துக்குத் தரச்சான்று பெற்ற சிறு தீத்தாங்கு பெட்டியும், தோட்டாவுக்குத் தனிப் பூட்டும் வைப்பது விவேகம் எனலாம்.

சில வினாக்கள் இன்னும் தீர்வு பெறாதிருக்கின்றன. துப்பாக்கியின் உறுப்புகளையும் தோட்டாவையும் முன்னிறுத்திய பொதுவான தீச்சோதனைத் தரம் எங்ஙனம் அமைதல் வேண்டும்? உப்புக்காற்றில் பல ஆண்டுகள் நின்ற பெட்டகத்தின் நிரப்புப்பொருளும் கதவுப் பட்டையும் புதிதாய் இருந்தபோது காட்டிய ஆற்றலை எவ்வளவு காலம் காக்கும்? நம் செங்கல் வீடுகளில் எழும் தீயின் உண்மையான வெப்பமும் நேரமும் சோதனை உலையின் கணக்கோடு எவ்வளவு ஒத்துவரும்? இவற்றுக்கு விடை காண்பது பொறியியற் கல்லூரிகளும் தீயணைப்புத் துறையும் கூடிச் செய்யத்தக்க பணியாகும். அதுவரையில், தீத்தாங்கும் நிமிடங்களை மட்டும் எண்ணிப் பெட்டகம் வாங்குவோரினும், தோட்டா நீக்கிப் பூட்டி மாதந்தோறும் திறந்து பேணுவோரே இக்கடமையை நன்கு ஆற்றியவர் ஆவர் என்று கொள்வது, கிடைத்துள்ள சான்றுகளுக்குப் பொருந்திய முடிவாகும்.